உறைமோருக்குப் போனவள்

நவம்பர் 16, வியாழன்
மாலை 6 மணி: 162/98

டாக்டர் நளினா சொன்னதால் இன்றிலிருந்து எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டுமாம். எண்ணைக் குறித்துவிட்டு அன்றைக்கு நடந்ததையும் எழுத வேண்டுமாம். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும் இந்திராணி. எது உங்களைக் கெடுக்குதுன்னு நோட்டுதான் சொல்லும்" என்றார். நோட்டு என்ன சொல்வது, நானே சொல்கிறேன். என்னைக் கெடுப்பது ஆர்.டி.ஓ. மைதானத்தில் சுண்ணாம்பால் போட்டு வைத்திருக்கிற அந்த எட்டு.

இன்றைக்கும் லைசென்ஸ் டெஸ்டில் கால் ஊன்றிவிட்டேன். இது இரண்டாவது தடவை. எனக்கு முன்னால் போன பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சூயிங்கம் மென்றுகொண்டே போட்டுவிட்டுப் போனாள். நாற்பத்தாறு வயதில், எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி ஊசி போட்ட கை, ஒரு ஸ்கூட்டரை வளைக்கத் தெரியாமல் தோற்கிறது. கேவலம்!

இதையும் எழுதி வைக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் நர்சிங் ஹோமில் அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் ஓடியாயிற்று. இப்போது டாக்டர் நளினாவின் அறக்கட்டளையில் மலையடிவாரத்து ஐந்து ஊருக்கு ஒரு நர்ஸ் வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புண் கட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அவ்வளவுதான். அதனால் லைசென்ஸ் கட்டாயம். டிசம்பர் 15க்குள் காட்டினால் ஐந்து ஊரும் எனக்கு. இல்லாவிட்டால் லைசென்ஸோடு இன்னொருத்தி தயாராக நிற்கிறாள். என் எல்.எல்.ஆரும் டிசம்பர் 17ஆம் தேதியோடு முடிகிறது.

விடப்போவதில்லை.

நவம்பர் 17, வெள்ளி
காலை 146/90. மாலை 160/96

நேற்றைய கோபம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. மீன் வாங்கினேன். புளி அதிகமாகிவிட்டது.

நவம்பர் 19, ஞாயிறு
காலை 140/88. மாலை 160/98

டிரைவிங் ஸ்கூல் மிக்கேல் இன்று பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தான். முப்பது வயதுப் பையன், நல்ல பொறுமை. இரண்டு பழைய டயரைப் போட்டு அதைச் சுற்றி எட்டு வரச் சொன்னான். ஒன்பது தடவை போட்டேன். ஒன்பது தடவையும் இரண்டாவது வளைவில் கால் ஊன்றினேன்.

"முத வளைவு அழகா வர்றீங்க சிஸ்டர். ரெண்டாவதுல என்ன ஆகுது?"

"கை வலிக்குதுப்பா."

இடது மணிக்கட்டு எனக்குக் கொஞ்சம் கோணல். பிரேக் பிடித்தால் வலிக்கும். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

வந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தேன். என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போனில் பேசினார், சண்டை இல்லை. ஒரு டென்ஷனும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குப் பார்த்தால் 160. மிஷின் சரியில்லை.

நவம்பர் 21, செவ்வாய்
காலை 142/90. மாலை 158/96

மிஷின் சரியில்லை என்பதை நிரூபிக்க, ஆறு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடு என் தங்கை கஸ்தூரியுடையது. நடுவில் ஒரு சுவர்தான். முன்னால் மாவுக்கடை, பின்னால் வீடு. அப்பாவும் அவளோடுதான் இருக்கிறார்.

கஸ்தூரிக்கு 116/74. சரி, அவள் ஆறு வயது இளையவள். அப்பாவுக்குப் பார்த்தேன், 122/78. எழுபத்தெட்டு வயது! ராஜா மாதிரி பிரஷர். அப்படியானால் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் சரியில்லை.

கையிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கடையில் கிரைண்டர் மோட்டாரிலிருந்து குபுகுபுவென்று புகை. ஓடிப் போய் மெயினை அணைத்து, மண்ணை அள்ளி, "கஸ்தூரி, கஸ்தூரி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் மெதுவாக எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"மோட்டார் காயில் போயிருச்சு போல. சரி விடு. நின்னுருச்சுல்ல? நீ டீ குடிக்கிறியா?"

"ஏண்டி, உனக்கு ரத்தம்தான் ஓடுதா, இல்ல மாவு ஓடுதா?"

"ஊரே உன்னய மாதிரி பதறுனா யாரு டீ போடுறது?" என்று சிரித்தாள். டீயும் போட்டாள். என் கையில் டம்ளர் ஆடி, பாதி சேலையில் கொட்டியது.

இவள் இப்படித்தான். ஸ்கூட்டர்கூட இவளுடையதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு முதல் தடவையிலேயே எட்டுப் போட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தோம். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நிதானம்? எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

நவம்பர் 23, வியாழன்
காலை 144/90. மாலை 160/94

மழை. பயிற்சி இல்லை. காலையில் மூச்சை இழுத்து விட்டேன், டாக்டர் சொன்னபடி இருபது தடவை. பதினெட்டாவது தடவையில் பால்காரர் மணி அடித்தார்.

நவம்பர் 26, ஞாயிறு. திருக்கார்த்திகை
காலை 140/86. மாலை 168/100

வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அவள் வாசலில் ஏற்றினாள். அப்பா நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்து, "ஏத்தா இந்திரா, அந்த ஓரத்து விளக்குல எண்ண இல்ல பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் எவ்வளவு மெதுவாகிவிட்டது.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பழைய சைக்கிள், செயின் கார்டு லொடலொடவென்று ஆடும் சத்தம். என் கையிலிருந்த அகல் கீழே விழுந்து உடைந்தது. புதுச் சேலையில் எண்ணெய்.

"என்னக்கா, சுட்டுருச்சா?"

"ஆமா, சுட்டுருச்சு" என்றேன். சுடவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் 168. கொழுக்கட்டை மாவில் உப்பு இருக்கும், அதனால் இருக்கலாம்.

நவம்பர் 30, வியாழன்
காலை 150/94. மாலை 164/98

மூன்றாவது தடவை. கால் ஊன்றிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மாதிரி. திட்டவில்லை. "வண்டி நல்லாத்தான் ஓட்டுறீங்கம்மா. நீங்க எங்க பாக்குறீங்களோ வண்டி அங்கதான் போகும். போற பக்கம் பாருங்க" என்றார். நான் போகிற பக்கம்தான் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

இன்னும் ஒரே ஒரு வியாழக்கிழமை வாங்கியிருக்கிறேன், டிசம்பர் 14. அதோடு சரி.

வீட்டுக்காரர் போனில், "எதுக்கு இந்த வயசுல கஷ்டம், இருக்கிற வேலையப் பாரு" என்றார். இந்த வயதில்தான் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஐந்து ஊரில் யாரும் என்னை "ஏய், அந்த ட்ரேயை எடு" என்று சொல்ல மாட்டார்கள். அது எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

டிசம்பர் 1, வெள்ளி
காலை 152/94. மாலை 162/98

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு
காலை 144/90. மாலை 166/98

இன்று மிக்கேலை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பாவம்.

ஐந்தாவது தடவை கால் ஊன்றியதும் பக்கத்தில் வந்து கேட்டான்: "யாரு சிஸ்டர் வர்றாக?"

"யாரு வர்றா?"

"இல்ல, ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது வளைவுல, மைதானத்துக் கேட்டு உங்க முதுகுக்குப் பின்னால போற இடத்துல, தலையத் திருப்பி அந்தக் கேட்டப் பாக்குறீங்க. அப்பத்தான் வண்டி சாயுது, காலு இறங்குது. யாரையும் எதிர்பாக்குறீங்களோன்னு..."

"நான் எதுக்குக் கேட்டப் பாக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா? ஒழுங்கா சொல்லிக் குடுக்கத் தெரியல, என்னையக் குத்தம் சொல்ல வந்துட்ட!"

போனில் படம் எடுத்திருந்தான். காட்டினான். சின்னத் திரையில் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்பளை, ஒழுங்காக வந்துகொண்டே இருந்தவள், வளைவில் சடக்கென்று தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கிறாள். ஐந்து தடவையும். ஒரே மாதிரி.

மைதானத்துக் கேட்டில் யாருமே இல்லை. ஒரு ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கப்பா" என்றேன். "அட விடுங்க சிஸ்டர், எங்கம்மா இதவிட நல்லா வைவாக" என்றான்.

டிசம்பர் 5, செவ்வாய்
காலை 142/88. மாலை 160/96

டாக்டர் நோட்டைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து மாலை எண்களை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டே போனார். பக்கம் முழுக்க வட்டம்.

"டெஸ்ட் நடக்குறது காலையில. ஆனா சாயங்காலம்தான் ஏறுது. ஞாயித்துக்கிழமைகூட. ஆறு மணிக்கு என்ன இந்திராணி?"

"ஒண்ணுமில்ல டாக்டர். விளக்கு வைப்பேன், அவ்வளவுதான்."

"சரி, சின்னதுல ஆறு மணிக்கு என்ன?"

என் பையில் ஜிப் சரியாக மூடவில்லை. அதை மூடினேன்.

"எதுக்குமே அசையாத ஆளுங்க இருப்பாங்க, எதுக்கும் பதறுற ஆளுங்க இருப்பாங்க. பிறவி கொஞ்சம், பழக்கம் கொஞ்சம். சின்ன வயசுலயே காவலுக்கு நிக்கப் பழகிட்ட உடம்பு, காவல் வேலை முடிஞ்ச பிறகும் நின்னுக்கிட்டே இருக்கும். அதுக்கு யாராவது போய்ச் சொல்லணும், முடிஞ்சிருச்சு, உக்காருன்னு" என்றார்.

"என் தங்கச்சியும் அதே வீட்டுலதான் டாக்டர் வளந்தா. அவளுக்கு 116."

"அவங்களுக்கும் அதே வீடுதானா? யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

டிசம்பர் 7, வியாழன்
காலை 146/90. மாலை 170/102

அப்பாவுக்கு வாரா வாரம் நான்தான் பிரஷர் பார்ப்பேன். மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்ததால் கையால் அமுக்குகிற பழைய கருவியை எடுத்துப் போனேன். பட்டையைக் கட்டும்போது அவரே பேச ஆரம்பித்தார்.

"எங்க மில்லுல சேந்து வேல பாத்தவெய்ங்கள்லாம் பிள்ளைகளப் போட்டு அடிப்பாய்ங்க. நான் ஒங்க ரெண்டு பேரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்ல. என்னத்தா?"

நான் காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தேன். 180. 200. 220. இன்னும் இரண்டு அமுக்கு.

"ஏத்தா, இறுக்குது..."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகமில்லை. அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை, எனக்கு எல்லாம் இருக்கிறது. இது என்ன நியாயம்? எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கருவியைச் சுவரில் அடித்திருப்பேன். திருகைத் திறந்து காற்றை விட்டேன். அப்பாவுக்கு 124/80.

வீட்டுக்கு வந்து அதே கருவியை என் கையில் கட்டினேன். எனக்கு 170.

டிசம்பர் 8, வெள்ளி

அந்தக் கோணல் மணிக்கட்டு. கிணற்றடியில் விழவில்லை. எழுதிவிட்டேன். போதும்.

டிசம்பர் 9, சனி
காலை 148/92. மாலை: பார்க்கவில்லை, கஸ்தூரி வந்துவிட்டாள்

விளக்கு ஏற்றிவிட்டு மிஷினைத் தேடிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் உறைமோர் குடு. பூனை தயிரக் கவுத்துருச்சு."

"விளக்கு வச்ச பெறகு உறைமோர் கேக்குற. அம்மா இருந்திருந்தா உன்னயத் தொரத்தியிருக்கும்."

"அப்ப பின்தெரு அன்னம்மா அக்கா எந்நேரம் போனாலும் குடுப்பாக. வேதக்காரக, சர்ச்சுக்குப் போறவக, அதெல்லாம் பாக்க மாட்டாக" என்று சிரித்தாள். "தெனமும் போவேன்ல? நீதான் அனுப்புவ. சாயந்தரமானா, 'போயி உறைமோர் வாங்கிட்டு வா. நிதானமா வாங்கிட்டு வா, அவசரமில்ல.' அவுக முறுக்கு குடுப்பாக, தாயக்கட்டை விளையாடுவோம். எனக்குச் சின்ன வயசுன்னா அந்த வீடுதான்க்கா ஞாபகம் வருது. எம்புட்டு சந்தோஷமா இருந்தேன்..."

அப்படியே நின்றுவிட்டாள். கிண்ணம் கையில் இருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் போனதை நான் பார்த்தேன்.

"அக்கா."

"என்னடி?"

"நம்ம வீட்டுல பாலு எங்கக்கா வாங்குனோம்? வெறும் கருப்பட்டிக் காப்பிதான குடிச்சோம்?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

"பாலே இல்லாத வீட்டுக்குத் தெனமும் எதுக்குக்கா உறைமோர்?"

முப்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அம்மாகூடக் கேட்டதில்லை. தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் செயின் கார்டு லொடலொடக்கும். அந்தச் சத்தத்திலேயே அன்றைக்குக் குடித்திருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியும். இவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்துப் பின்வாசலால் அனுப்பிவிட்டு, முன்வாசலில் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். எனக்குப் பதினொரு வயது.

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் இடது கையை எடுத்தாள், மணிக்கட்டைத் தடவினாள், பிறகு விடவேயில்லை.

"அந்த மோரையெல்லாம் என்னக்கா பண்ணுன?"

"கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துனேன்."

"அதான் அந்தச் சனியன் மரம் மாதிரி வளந்துச்சா!" என்றாள். சிரித்தாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள், எதற்கும் அசையாத என் தங்கச்சி. நானும் அழுதேன். கதவு திறந்தே கிடந்தது. தெருவில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 10, ஞாயிறு
காலை 138/88. மாலை 154/92

பயிற்சிக்குக் கஸ்தூரியும் வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டு! பன்னிரண்டு எட்டுப் போட்டேன். ஏழில் கால் ஊன்றினேன். ஐந்தில் ஊன்றவில்லை. மிக்கேல் கை தட்டினான்.

டாக்டர் சொன்னது சரிதான். அவளுக்கு அதே வீடு இல்லை. அவளுக்கு அன்னம்மா அக்கா வீடு.

டிசம்பர் 12, செவ்வாய்
காலை 140/88. மாலை 150/92

கஸ்தூரி அப்பாவிடம் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. "ஏத்தா, எம்மேல கோவமா?" என்று கேட்டிருக்கிறார். அவளிடம் சொன்னேன்: "சோத்தப் போடு. மாத்திரையக் குடு. அது போதும். பேசுறதும் பேசாததும் உன் இஷ்டம். ஆனா எனக்காகச் சண்டை போடாத, அந்த வேலைய நான் எப்பவோ பாத்துட்டேன்."

டிசம்பர் 14, வியாழன்
காலை 148/90

மைதானம் முழுக்க ஈரம். சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்து, புதிதாகப் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர். இரும்புக் கேட்டு பெரிதாகத் திறந்து கிடந்தது. வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. எதன் நம்பர் பிளேட்டோ லொடலொடவென்று ஆடியது. திரும்பிப் பார்த்தேன். பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"இந்திராணி!" என்று கூப்பிட்டார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். கஸ்தூரி ஹெல்மெட் பட்டையை என் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டாள். பிறகு நேராகக் கேட்டுக்கு நடந்து போனாள். எனக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலிருந்தே, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"அக்கா! வாசல்ல நான் நிக்கிறேன்! நீ போயி உறைமோர் வாங்கிட்டு வா! நிதானமா வாங்கிட்டு வா, அவசரமில்ல!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வண்டியை எடுத்தேன்.

முதல் வளைவு. நடுவில் குறுக்கே வந்தேன். இரண்டாவது வளைவு. கேட் என் முதுகுக்குப் பின்னால் போனது. பின்னால் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கழுத்து திரும்பத் துடித்தது. அங்கே அவள் நிற்கிறாள் என்று கழுத்துக்குச் சொன்னேன். எதிரே வெள்ளைக் கோடு வளைந்து போனது. அதை மட்டும் பார்த்தேன். வண்டி அதன்மேலே போனது.

"காலு படலம்மா. போங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் நிறுத்தவில்லை. இன்னொரு எட்டும் போட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன்.

டிசம்பர் 15, வெள்ளி
காலை 136/86. மாலை 146/90

கார்டு தபாலில் வருமாம். பாஸானதற்கான தாளை டாக்டரிடம் காட்டினேன். ஐந்து ஊர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தார். "நோட்டை மட்டும் நிறுத்தாதீங்க. இன்னும் இறங்கணும்" என்றார். இறங்கும். முப்பத்தைந்து வருஷமாக ஏறினது, ஒரு எட்டில் இறங்கிவிடுமா?

அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கக் கஸ்தூரிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனி அவள் பார்ப்பாள். நான் மாட்டேன்.

டிசம்பர் 20, புதன்
காலை 138/86

முதல் நாள் வேலை. கார்டு நேற்றுத்தான் வந்தது. மூன்று ஊர், ஏழு வீடு. கடைசி வீட்டில் ஒரு பாட்டிக்கு முதுகுப் புண் கட்டி முடிக்க நேரமாகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் சோளக்காடு.

மாலை 6 மணி: பார்க்கவில்லை. வண்டியில் வந்துகொண்டிருந்தேன்.